கொரியத் தொழில்நோய் ஆய்வை ஏமாறாமல் படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

2019 மே மாதம் கொரியாவின் தொழில் பாதுகாப்பு, சுகாதார முகமை ஓர் அறிக்கை வெளியிட்டது. குறைக்கடத்திச் சிப் தயாரிக்கும் 6 நிறுவனங்களின் இந்நாள், முன்னாள் தொழிலாளர்கள் சுமார் 2 லட்சம் பேரைப் பத்தாண்டு பின்தொடர்ந்த ஆய்வு அது. ரத்தப் புற்றுநோயான லுகேமியாவால் இறக்கும் அபாயம் அவர்களில் பெண்களுக்குப் பொதுமக்களைவிட 1.71 மடங்கு என்றது ஒரு வரி. அதே அறிக்கையில், அதே நோய்க்கு, இன்னொரு வரி 2.30 மடங்கு என்றது. எது சரி? இரண்டும் சரி. ஏன் என்று சொல்லத் தெரிந்தவர் கொரியாவிலிருந்து வரும் தொழில்நோய் ஆய்வு எதையும் கையில் எடுக்கலாம். தெரியாதவர்களுக்காகத்தான் இந்த வழிகாட்டி. தொழில் மருத்துவம் படிக்கும் மாணவர்கள், ஆலையில் பாதுகாப்பு வேலை பார்ப்பவர்கள், மருத்துவச் செய்தி எழுதுபவர்கள் எல்லோருக்கும் பயன்படும். புள்ளியியல் பட்டம் வேண்டாம். பொறுமையும், கொஞ்சம் சந்தேகப் புத்தியும் போதும்.

படி 1: எந்தக் கணக்கேடு என்று முதலில் பாருங்கள்

பேப்பரைத் திறந்ததும் முடிவுரைக்கு ஓடாதீர்கள். தரவு எங்கிருந்து வந்தது என்று சொல்லும் பத்திக்குப் போங்கள். கொரிய ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருவது நான்கைந்து கணக்கேடுகள்தான்.

பெரியது தேசிய மருத்துவக் காப்பீட்டுக் கழகத்தின் ஏடு. பல காப்பீட்டுச் சங்கங்களாக இருந்ததை 2000-ல் ஒன்றாக்கினார்கள். மக்கள்தொகையில் ஏறத்தாழ 97 சதவீதம் பேர் அதற்குள் இருக்கிறார்கள். மீதிப் பேர் ஏழைகளுக்கான மருத்துவ உதவித் திட்டத்தில். புசானில் காட்டினாலும் சியோலில் காட்டினாலும் பில் ஒரே இடத்துக்கு வந்து சேரும். 2002-ல் இருந்த மக்களிலிருந்து சுமார் 10 லட்சம் பேரைப் பொறுக்கி, பெயரை நீக்கி, ஆய்வாளர்களுக்கென்று ஒரு மாதிரித் தொகுப்பும் செய்து வைத்திருக்கிறார்கள். கொரியாவிலிருந்து பேப்பர் மழையாகக் கொட்டுவதற்கு இது பெரிய காரணம்.

தொழில்நோய் தேடுபவருக்கு இந்த ஏட்டில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. வேலையில் அடிபட்டதாக ஏற்கப்பட்டவரின் பில் இங்கே வராது. 1964-ல் தொடங்கிய தொழில் விபத்துக் காப்பீட்டின் கீழ் அது வேறொரு கழகத்துக்குப் போய்விடும். ஆக, மருத்துவக் காப்பீட்டு ஏட்டை மட்டும் வைத்துக்கொண்டு முதுகெலும்பு முறிவையோ கை நசுங்கலையோ எண்ணினால், வேலையால் வந்தவற்றில் ஒரு பகுதி தொடக்கத்திலேயே கழன்றுவிட்டது என்று பொருள். இரண்டாவது குறை, அதில் சம்பளக்காரரா சுயதொழில்காரரா என்பது இருக்கும்; வெல்டரா வங்கி ஊழியரா என்பது இருக்காது. மூன்றாவது, நோய்க் குறியீடு பில் போடுவதற்காக எழுதப்பட்டது. “இதுவாக இருக்குமோ” என்று ஒரு சோதனை செய்தாலும் அந்த நோயின் குறியீடு விழலாம். ஒரு முறை குறியீடு விழுந்தாலே நோயாளி என்று எண்ணினார்களா, உள்நோயாளியாகச் சேர்ந்ததையோ மருந்து எடுத்ததையோ சேர்த்துக் கேட்டார்களா என்று பாருங்கள்.

அடுத்தது கொரிய வேலைச்சூழல் சர்வே. ஐரோப்பிய சர்வேயின் மாதிரியில் 2006-ல் தொடங்கியது. 2011-லிருந்து ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 50,000 பேர். வீடு தேடிப் போய் நேரில் கேட்கிறார்கள். வேலை நேரம், இரைச்சல், மேலதிகாரியின் திட்டு, தூக்கம் எல்லாமே அந்த ஆள் வாயால் சொன்னது. எல்லாம் ஒரே நாளில் கேட்டது. “ராத்திரி ஷிப்டால் தூக்கம் கெட்டது” என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்பது வரை போகலாம். 1998 முதல் நடக்கும் தேசிய ஊட்டச்சத்து, உடல்நல ஆய்வில் ரத்தம் எடுக்கிறார்கள், உயரம் எடை பார்க்கிறார்கள். உடலைப் பற்றிய விவரம் அங்கே தேறும், வேலையைப் பற்றிய விவரம் மெலிவு.

கடைசியாக, சிறப்பு உடல்பரிசோதனை. இரைச்சல், கரைப்பான், ஈயம், தூசி என்று குறிப்பிட்ட ஆபத்துகளில் வேலை செய்பவர்களுக்குச் சட்டப்படி முதலாளி செலவில் நடக்க வேண்டியது. 2014 முதல் இரவு வேலையும் இந்தப் பட்டியலில் உண்டு. முடிவில் ஒரு எழுத்து வரும்: ஏ என்றால் நலம், சி1 என்றால் தொழில்நோயாக மாறக்கூடும், கவனி, டி1 என்றால் தொழில்நோய், சி2, டி2 என்றால் வேலையோடு சேராத சாதாரண நோய். டி1-க்கும் டி2-க்கும் நடுவே இருப்பது ஒரு டாக்டரின் தீர்ப்பு, பரிசோதனைக்குப் பணம் கொடுப்பது முதலாளி. டி1 கிடைப்பவர்களில் மிகப் பெரும்பான்மை இரைச்சலால் காது போனவர்கள். காதுகேள் சோதனையின் கோடு எளிதில் மறுக்க முடியாதது என்பதும் அதற்கு ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

படி 2: தனி நோயாளி அறிக்கையை இளக்காரமாகப் பார்க்காதீர்கள்

பாடப்புத்தகத்தில் சான்றுகளை ஏணியாக அடுக்கி, தனி நோயாளி அறிக்கையைக் கீழ்ப்படியில் வைப்பார்கள். கொரியாவின் தொழில் மருத்துவத்தில் பெரிய கண்டுபிடிப்புகள் பலவும் அந்தக் கீழ்ப்படியில்தான் நடந்தன. ஆகவே இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

1995. புசானை ஒட்டிய யாங்சான் நகரில் ஒரு மின்னணு ஆலை. சின்னச் சின்ன சுவிட்சுகளைக் கோக்கும் பிரிவில் இளம்பெண்கள். ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று பழைய ஃப்ரியான் கரைப்பானை விட்டுவிட்டு, 2-புரோமோபுரொப்பேன் என்ற புதிய திரவத்துக்கு மாறியிருந்தார்கள். அதில் சுவிட்சு பாகங்களை முக்கி எடுப்பது வேலை. ஒரே பிரிவில் ஒருத்திக்கு மாதவிடாய் நின்றது, பிறகு இன்னொருத்திக்கு. ஆராய்ந்தபோது 25 பெண்களில் 16 பேருக்குச் சினைப்பை செயலிழந்திருந்தது. அங்கே வேலை பார்த்த 8 ஆண்களில் 6 பேருக்கு விந்தணு இல்லை, அல்லது குறைவு. மனிதருக்கு அந்த ரசாயனம் இப்படிச் செய்யும் என்று உலகில் யாருக்கும் அதுவரை தெரியாது. எலிகளில் சோதித்து உறுதிசெய்தது அதற்குப் பிறகு. எலியில் பார்த்துவிட்டு மனிதரிடம் வருவதுதான் முறை. இங்கே பெண்கள் முந்திவிட்டார்கள்.

33 பேர். எந்தப் புள்ளியியல் வாத்தியாரும் சின்ன மாதிரி என்று உதட்டைப் பிதுக்குவார். ஆனால் இருபது வயதுகளில் உள்ள பெண்களில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சினைப்பை நிற்பது தற்செயலாக நடக்கிற காரியமா? இப்படிப்பட்ட அறிக்கையில் நான்கு விஷயம் தேடுங்கள். நோய் இயல்பாகவே அந்த வயதில் அரிதா? ஒரே பிரிவில் குவிந்ததா? புதிதாக ஏதாவது நுழைந்த பிறகு தொடங்கியதா? அதை நிறுத்தியபின் புதிய நோயாளிகள் வருவது நின்றதா? நான்குக்கும் ஆம் என்றால் எண்ணிக்கை சிறிதாக இருப்பது பெரிய குறையே இல்லை.

2016 ஜனவரி மெத்தனால் வழக்கையும் இதே கண்ணோடு படியுங்கள். இஞ்சன், புச்சன் பக்கத்துச் சிறு ஆலைகளில் செல்போன் பாகத்துக்கான அலுமினியத்தை இயந்திரத்தில் வெட்டும் வேலை. குளிர்விக்க எத்தனால் ஊற்ற வேண்டிய இடத்தில், விலை மலிவு என்று மெத்தனால். இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்த தொழிலாளர்களுக்குப் பார்வை மங்கி, சிலருக்கு முழுதாகவே போனது. மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும் என்பது நூறாண்டுப் பழைய பாடம். கள்ளச்சாராயம் குடித்தவர்கள் கதை நமக்கே தெரியும். இவர்கள் யாரும் குடிக்கவில்லை. மூச்சிலும் தோலிலும் போனது. அறிக்கையின் நடுவில் ஒரு வரி வரும், தவறவிடாதீர்கள்: அவர்கள் ஏஜென்சி மூலம் அனுப்பப்பட்டவர்கள். உற்பத்தி வரிசைக்கு அப்படி ஆள் அனுப்புவது கொரியச் சட்டத்தில் தடைசெய்யப்பட்டது. மருத்துவ அறிக்கையில் இது ஏன் என்று கேட்காதீர்கள். யார் எச்சரித்திருக்க வேண்டும், ஏன் எச்சரிக்கவில்லை என்பது அந்த ஒரு வரியில் இருக்கிறது.

இன்னும் பின்னால் போனால் 1988. வெப்பமானி செய்யும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களில் பாதரச நஞ்சேறி 15 வயதுப் பையன் இறந்தான். அதே ஆண்டு, சியோலுக்குக் கிழக்கே நம்யாங்ஜுவில் இருந்த ரேயான் ஆலையின் கார்பன் டைசல்ஃபைடு நஞ்சு வெளிச்சத்துக்கு வந்தது. 1960-களில் ஜப்பானிலிருந்து வந்த பழைய இயந்திரங்கள் அவை. அந்த நஞ்சு பக்கவாதமாக, சிறுநீரகக் கோளாறாக, மனநோயாக வேஷம் போட்டுக்கொண்டு வரும். ஒவ்வொருவரையும் தனித்தனி டாக்டர் பார்த்தபோது எல்லாம் சாதாரண நோய்; ஒன்றாக நிறுத்திக் கண்ணின் விழித்திரையைப் பார்த்தபோதுதான் நுண்ணிய ரத்தக்குழாய் வீக்கங்கள் ஒரே கதையைச் சொல்லின. கடைசியில் 900-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டவர்களாக ஏற்கப்பட்டார்கள். 1993-ல் ஆலையை மூடினார்கள். இயந்திரங்கள் சீனாவுக்குப் போயின.

படி 3: சாவு எண்ணையும் காய எண்ணையும் அருகருகே வையுங்கள்

2022-ல் கொரியாவில் தொழில் விபத்துச் சாவு 874. அதில் 402 கட்டுமானத்தில். 10,000 தொழிலாளருக்கு 0.43. நோயால் இறந்தவர்களையும் சேர்த்தால் 2,223. அடுத்த ஆண்டு விபத்துச் சாவு 812.

இந்த எண்களைப் பற்றி முதலில் தெரிய வேண்டியது, இவை அந்த ஆண்டு இறந்தவர்கள் எண்ணிக்கை இல்லை. அந்த ஆண்டு இழப்பீடு ஏற்கப்பட்ட சாவுகள். 2020-ல் இறந்தவர் 2022 கணக்கில் வரலாம். ஒரு சட்டம் வந்ததும் அடுத்த ஆண்டே சாவு குறைந்தது, கூடியது என்று கோடு வரைபவர்களிடம் இதைக் கேளுங்கள். 2022 ஜனவரி 27-ல் நடைமுறைக்கு வந்த கடும் விபத்துத் தண்டனைச் சட்டத்தைப் பற்றி அப்படி எத்தனையோ கோடுகள் வரைந்திருக்கிறார்கள்.

அடுத்தது கொரியாவின் பழைய புதிர். சாவு விகிதத்தில் மேற்கு ஐரோப்பிய நாடுகளைவிட உயரத்தில் இருக்கும் நாடு, சாகாத காயங்களின் விகிதத்தில் அவர்களைவிடக் கீழே இருக்கிறது. விரல் போகாமல், கால் முறியாமல் நேராக உயிர் மட்டும் போகிற ஆலை எங்கே இருக்கிறது? பிணத்தை மறைப்பது கடினம். முறிந்த கையை மறைக்கலாம். நிறுவனமே ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்துக் காதும் காதும் வைத்தாற்போல் முடித்துக்கொள்வதற்குக் கொரியத் தொழிலாளர்கள் பேச்சில் தனிச் சொல்லே உண்டு: கொங்சாங். முறைப்படி காப்பீட்டில் போவது சான்ஜே. “சான்ஜேயா, கொங்சாங்கா?” என்ற கேள்வியில் பாதி புள்ளிவிவரம் காணாமல் போகிறது. காயங்களைப் பற்றிய ஆய்வு எதைப் படித்தாலும், கொங்சாங்கில் முடிந்தவர்கள் இந்த எண்ணுக்குள் இருக்கிறார்களா என்று ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: யாரோடு ஒப்பிட்டார்கள்?

இப்போது 1.71-க்கும் 2.30-க்கும் வருவோம். முதல் எண்ணில் பெண் சிப் தொழிலாளர்களை நாட்டு மக்களோடு ஒப்பிட்டார்கள். இரண்டாவதில் மற்ற தொழிலாளர்களோடு. பொதுமக்கள் என்றால் படுத்த படுக்கையாக இருப்பவரும், வேலைக்கே போக முடியாத நோயாளியும் அதில் சேர்த்தி. வேலைக்கு எடுக்கும்போதே நோயாளிகளை வடிகட்டிவிடுகிறார்கள். நோய் வந்தவர் வேலையை விட்டுவிடுகிறார். அதனால் எந்த ஆலையின் தொழிலாளர்களும் சராசரி மக்களைவிட ஆரோக்கியமாகத்தான் தெரிவார்கள். ஆரோக்கியமான ஆட்களை நோயாளிகள் கலந்த கூட்டத்தோடு நிறுத்தினால் ஆபத்து சிறுக்கும். அவர்களைப் போன்ற தொழிலாளர்களோடு நிறுத்தினால் உண்மை அளவுக்கு நெருங்கும். அந்த அறிக்கையில் நான்-ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயால் அந்தப் பெண்கள் இறக்கும் அபாயமும் இப்படியே 2.52, 3.68 என்று பிரிகிறது.

ஒரு சின்னப் பழக்கம் சொல்கிறேன். ஆய்வு “அபாயம் கூடவில்லை” என்று முடிந்தால், ஒப்பிட்டது பொதுமக்களோடா என்று உடனே பாருங்கள். ஆம் என்றால், கூடவில்லை என்பதே ஒருவேளை கூடியிருக்கிறது என்பதாக இருக்கலாம். அபாயம் 0.8 என்று வந்தால் அந்த வேலை உடம்புக்கு நல்லது என்று எழுதிவிடாதீர்கள். எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மறுபக்கத்தையும் பாருங்கள். 2011-ல் கர்ப்பிணிகளும் பிள்ளை பெற்றவர்களும் காரணம் தெரியாத நுரையீரல் நோயோடு சியோலின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் அடுத்தடுத்து வந்தார்கள். ஈரப்பதக் கருவியில் ஊற்றும் கிருமிநாசினிதான் காரணம் என்று அந்த ஆகஸ்டில் அரசு ஆய்வு காட்டியது, முரண்தகவு (odds ratio, 1 என்றால் தொடர்பு இல்லை) 47.3. இது தொழில்நோய் இல்லைதான். ஆனால் இவ்வளவு பெரிய எண் சின்ன ஆய்விலிருந்து வரும்போது நம்பக எல்லை, அதாவது உண்மை எண் இருக்கக்கூடிய வீச்சு, மிக அகலமாக இருக்கும் என்பதற்கு நல்ல பாடம். 47-ஐ மனப்பாடம் செய்ய வேண்டாம், எல்லையின் கீழ் முனை 1-லிருந்து எவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறது என்று பாருங்கள். அந்தத் திரவத்தைக் கடைகளிலிருந்து எடுத்தபின் புதிய நோயாளிகள் வருவது நின்றது. படி 2-ன் நான்காவது கேள்வி நினைவிருக்கிறதா?

படி 5: வேலை நேரத்தைப் பற்றிய எண் எங்கிருந்து வந்தது?

மிகை உழைப்பால் வரும் சாவுக்குக் கொரியர்கள் சொல்லும் சொல் குவாரோசா. இதயம், மூளை பற்றிய ஆய்வுகளில் 52, 60, 64 என்ற மணிக்கணக்குகள் அடிக்கடி வரும். இவை மருத்துவத்திலிருந்து மட்டும் பிறந்தவை இல்லை.

52 என்பது சட்டத்தின் உச்சவரம்பு: 40 மணி, கூடுதலாக 12. 2018 ஜூலையில் பெரிய நிறுவனங்களிலிருந்து தொடங்கி அமலானது. அதற்கு முன்? சனி, ஞாயிறு “வாரத்தில்” சேராது என்று ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள்; அதன்படி 68 மணி வரை சட்டப்படியே வேலை வாங்கலாம். 2018-க்கு முந்தைய தரவை வைத்த ஆய்வில் 55 மணி வேலை செய்தவர் விதிமீறலுக்கு ஆளானவர் என்று நினைத்துவிடாதீர்கள்.

60 என்பது இழப்பீட்டுக் கோடு. நோய் வருமுன் 12 வாரம் சராசரியாக வாரம் 60 மணிக்கு மேல், அல்லது 4 வாரம் 64 மணிக்கு மேல் உழைத்திருந்தால் வேலைக்கும் நோய்க்கும் வலுவான தொடர்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். 2018 முதல், 52-க்கு மேல் உழைத்து, ஷிப்ட் வேலை, ஓய்வு நாள் இல்லாமை போன்ற சுமைகளும் இருந்தால் தொடர்பு கூடும் என்கிறார்கள். இரவு நேரத்தை 30 சதவீதம் கூட்டி எண்ணுகிறார்கள். ஆய்வாளர் 60-ல் கோடு போட்டுக் குழுவைப் பிரித்தால், இதயம் 60-வது மணியில் திடீரென்று களைக்கிறது என்று அர்த்தம் இல்லை. சட்டத்தில் இருந்த கோட்டை எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

படி 6: கணக்கில் இல்லாதவர்களைப் பெயர் சொல்லி எழுதுங்கள்

எனக்கு முக்கியமான படி இது. ஒரு தாளை எடுத்து, இந்த ஆய்வுக்குள் வந்திருக்கவே முடியாதவர்கள் யார் யார் என்று பட்டியல் போடுங்கள்.

2005 ஜனவரியில் ஹ்வாசங் நகரின் ஒரு மின்னணுப் பாக ஆலையில் தாய்லாந்துப் பெண்கள் 8 பேருக்குக் கால் விழுந்தது. நார்மல் ஹெக்சேன் என்ற கரைப்பானால் எல்சிடி பாகங்களைத் துடைத்து வந்தவர்கள். கால் நரம்புகள் கெட்டு, நடக்க முடியாமல் போனார்கள். அவர்களில் 3 பேர், நோய் கண்டுபிடிக்கப்படும்போது கொரியாவிலேயே இல்லை. உடம்பு முடியாமல் ஊருக்குத் திரும்பியிருந்தார்கள். பிறகு வரவழைத்துச் சிகிச்சை கொடுத்தார்கள். மீதி 5 பேரும் அப்படியே விமானம் ஏறியிருந்தால் அந்த ஆலையில் நோயாளி எண்ணிக்கை பூஜ்யம். கணக்கேடு சுத்தமாக இருந்திருக்கும்.

2004-ல் தொடங்கிய வேலை அனுமதித் திட்டத்தில் இலங்கை உட்பட ஆசிய நாடுகளிலிருந்து ஆலை, பண்ணை, மீன்பிடி வேலைகளுக்கு ஆள் எடுக்கிறார்கள். மருத்துவப் பரிசோதனையில் தேறிய இளைஞர்களுக்குத்தான் விசா. ஒரு தவணையில் அதிகபட்சம் 4 ஆண்டு 10 மாதம். கட்டியாக வளரும் திடப் புற்றுநோய்கள் வெளியே தெரியப் பத்து, இருபது ஆண்டு ஆகும். ஆக கொரியாவில் உள்ள எந்தப் பின்தொடர் ஆய்விலும் அப்படிப் போய் வந்த இலங்கைப் பையனின் நுரையீரல் வராது. அது குருணாகலிலோ வவுனியாவிலோ ஓர் ஆஸ்பத்திரியில், கொரியா என்ற சொல்லே இல்லாத ஒரு சீட்டில் எழுதப்படும். வேலைச்சூழல் சர்வே வீடு வீடாகப் போகிறது. ஆலைத் தங்குமிடத்துக் கண்டெய்னர் அதன் பட்டியலில் அரிது.

உள்நாட்டவரிலும் இதே கதை உண்டு. பள்ளிக்கூடச் சமையலறைகளில் எண்ணெயில் பொரிக்கும் பெண்களின் நுரையீரல் புற்றுநோயைத் தொழில்நோயாக 2021-ல்தான் முதன்முதலாக ஏற்றார்கள். அதற்குமுன் அவர்கள் “புகைபிடிக்காத பெண்களின் நுரையீரல் புற்றுநோய்” என்ற தலைப்பின் கீழ் இருந்தார்கள்.

படி 7: டாக்டரின் “தெரியவில்லை”, நீதிபதியின் “தெரியவில்லை”

ஆய்வு முடிவையும் இழப்பீட்டுத் தீர்ப்பையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். எல்சிடி ஆலையில் வேலை பார்த்து நரம்பு நோய் வந்த ஒருவரின் வழக்கில் 2017 ஆகஸ்டில் கொரிய உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது: ஆய்வு போதாமலோ, நிறுவனம் ரசாயன விவரத்தைத் தராமலோ தொடர்பை நிரூபிக்க முடியாமல் போனால், அந்த இடைவெளியைத் தொழிலாளருக்குப் பாதகமாக எடுக்கக் கூடாது. தீர்ப்பு வந்ததால் அறிவியல் உறுதியாகிவிட்டது என்று எழுதினால் தவறு. அறிவியல் உறுதியில்லை, ஆகவே தீர்ப்பு பிழை என்று எழுதினாலும் அதே அளவு தவறு. யாருக்குச் சந்தேகத்தின் பலன் என்பது அங்கே கேள்வி.

படி 8: தேடுவது

இலவசமாகப் படிக்கக் கிடைப்பவை ஆனல்ஸ் ஆஃப் ஆக்குபேஷனல் அண்ட் என்விரான்மென்டல் மெடிசின், சேஃப்டி அண்ட் ஹெல்த் அட் வொர்க், ஜர்னல் ஆஃப் கொரியன் மெடிக்கல் சயன்ஸ் மூன்றும். முதலாவது 2013-க்கு முன் கொரிய மொழியில் வேறு பெயரில் வந்தது. 1990-களின் நல்ல சரக்கு பலவும் அங்கே கிடக்கிறது, மொழிபெயர்ப்புக் கருவி துணை. ஆசிரியர் பெயரால் மட்டும் தேடாதீர்கள். கொரியரில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் கிம், லீ, பார்க் என்ற மூன்று குடும்பப் பெயர்களுக்குள் அடக்கம். ரசாயனத்தின் பெயர், நகரின் பெயர், ஆண்டு இந்த மூன்றையும் சேர்த்துப் போட்டால் விழும்.

படி 9: தமிழில் எழுதும்போது

“சிப் ஆலையில் வேலை செய்தால் 2.3 மடங்கு ரத்தப் புற்றுநோய்” என்று தலைப்பு வைக்க மனசு துடிக்கும். அதில் யாரோடு ஒப்பிட்டது என்பது இல்லை. சாவா, நோய் வந்ததா என்பதும் இல்லை; நோய் வரும் அபாயத்துக்கு அந்த அறிக்கை சொன்ன எண்கள் வேறு, 1.19-ம் 1.55-ம். எந்த ரத்தப் புற்றுநோய் என்பதும் விட்டுப்போகிறது. இப்படி எழுதலாம்: “6 நிறுவனங்களின் பெண் சிப் தொழிலாளர்கள் லுகேமியாவால் இறக்கும் அபாயம், மற்றத் தொழிலாளர்களைவிட 2.30 மடங்கு, பொதுமக்களோடு ஒப்பிட்டால் 1.71 மடங்கு.” நீளம்தான். எடிட்டர் வெட்ட வந்தால் “6 நிறுவனங்களின்” என்பதை விட்டுக்கொடுங்கள், “மற்றத் தொழிலாளர்களைவிட” என்பதை விடாதீர்கள்.